உள்ளான் தலையில் எந்தக் கோடு?

விசாலம் மேடத்தின் பழைய பறவைப் பட்டியல்களை இப்போது கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும், பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் இளம் வழிகாட்டி ஒருவர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். பல பக்கங்களில் ‘பார்த்தவர்’ என்ற கட்டத்தில் ‘ப.சா.’ என்று இருக்கிறதாம். யார் சார் அந்தப் பறவை நிபுணர் என்று கேட்டார்.

“நிபுணரெல்லாம் இல்லீங்க. சமையல்காரருங்க. பழனிச்சாமி. நான்தானுங்க” என்றேன்.

அது எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். இப்போது போனில் படம் பிடித்தால் போனே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க நான் எழுதி என்ன ஆகப்போகிறது என்றேன். “போன் சில நேரம் ஒரே பறவைக்கு ரெண்டு பேர் சொல்லுதுங்க சார், அப்ப என்ன பண்றதுன்னுதான் தெரியல” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பதினைந்து வருடம் கல்யாணச் சமையலில் இருந்தேன். முதுகு போய், பெரிய அண்டாவைத் தூக்க முடியாமல் ஆன காலத்தில், ஊர் ஊராக வேனில் போய்ப் பத்துப் பேருக்குச் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாலம் மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன். மேடம் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தி, வேலையை விட்டுவிட்டு, பறவை பார்க்க வருபவர்களை எட்டு நாள் பயணமாகக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். கொல்லங்கோட்டு வயல்களில் தொடங்கி நெல்லியாம்பதி, அங்கிருந்து உடுமலை வழியாக மறையூர், மூணாறு, போடிமெட்டு, உடும்பஞ்சோலை, கடைசியாக வண்டிப்பெரியார். வேன் ஓட்டியவர் செல்லத்துரை. வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வேனின் பின்பக்கம் என் இரண்டு அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை.

முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரிந்த பறவைகள் நான்குதான்: காக்கை, கிளி, மைனா, பருந்து. வானத்தில் எது வட்டமடித்தாலும் பருந்து.

அது மாறியது கொல்லங்கோட்டில் ஒரு காலை இட்லியின்போது. வரப்போரம் வேனை நிறுத்தி, எல்லோரும் வேனுக்கு முகம் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவன் எப்போதும் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துத்தான் நிற்பான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வயலுக்கு மேலே ஒரு பெரிய பறவை, நூல் கட்டிய பட்டம் மாதிரி ஒரே இடத்தில் நின்றது. சட்னி வாளியைக் கையில் வைத்துக்கொண்டே, “ஏனுங்க மேடம், பருந்து ஒண்ணு காத்துல அப்படியே நிக்குதுங்க” என்றேன். ஒருவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. முதலில் என்னைத்தான் கேட்டார்.

“எத்தனை நேரமா நிக்கறது?”

“நீங்க ரெண்டாவது இட்லி போட்டுக்கிட்டதிலிருந்துங்க.”

“இறக்கையை அடிக்கறதா, விரிச்சபடியா?”

“கொஞ்சம் அடிக்குதுங்க. வயிறு வெளுப்புங்க. தலை மட்டும் தவிட்டு நெறம்.”

அதன் பிறகுதான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி, தொலைநோக்கியைத் தூக்கினார். பாம்பு பிடித்துத் தின்னும் கழுகு வகை அது. அந்தப் பயணத்தில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது. மேடம் பட்டியலில் பெயரை எழுதி, எதிரே ‘ப.சா.’ என்று போட்டார். அன்று மதியம் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

பட்டியல் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம், டீயும் பலகாரமும் முடிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். மேடத்தின் மடியில் அட்டை, அதில் தாள், கையில் பென்சில். ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார். தவறாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிப்பார். அடித்தது என்ன என்று பின்னால் படிக்க முடிய வேண்டும் என்பார். கண்ணால் பார்த்ததற்கு வட்டம். காதால் கேட்டதற்குப் புள்ளி. உறுதி இல்லாததற்குக் கேள்விக்குறி. யாராவது எடுத்த எடுப்பில் பெயரைச் சொன்னால் பென்சில் நின்றுவிடும்.

“பேரைச் சொல்லாதேங்கோ. என்ன கண்டேள், அதைச் சொல்லுங்கோ. பேரு பின்னால வரட்டும்.”

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்தவர்கள் எல்லாம் அந்த அட்டைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். கேள்விக்குறி விழுந்தால் சிலருக்கு முகம் சுருங்கும். “சாரமில்லை, பரவாயில்லை, கேள்விக்குறி ஒண்ணும் கொறச்சல் இல்லையாக்கும். நாளைக்குப் போய்ப் பாக்க ஒரு காரணம் கெடச்சுதுன்னு வெச்சுக்கோங்கோ” என்பார்.

நானும் அந்த வட்டத்தின் ஓரத்தில் உட்கார ஆரம்பித்தேன். வருடங்கள் போகப் போக என் நான்கு பறவைகள் நூறாயின. மற்றவர்கள் காட்டுக்குள் நடந்து போய்ப் பார்ப்பார்கள். நான் ஒரே இடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அசையாமல் இருப்பவனிடம் பறவைகளுக்குப் பயம் இல்லை.

இனி, தலைப்பில் சொன்ன உள்ளான் விஷயம்.

ஒரு ஜனவரிப் பயணத்தில் சென்னையிலிருந்து ரகுராமன் என்பவர் வந்திருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களோடு அவருக்கு அது மூன்றாவது பயணம். மூன்று முறையும் அவர் தேடி வந்தது ஒரே பறவையை: வுட் ஸ்னைப் என்று பட்டியலில் இருக்கும் ஓர் உள்ளான், நீள அலகுள்ள சேற்றுப் பறவை. இமயமலையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நம் மலைகளுக்கு வருவது. ஈரமான இடத்தில், இலைச் சருகு நிறத்தில், கண்ணில் படாமல் ஒடுங்கிக் கிடக்கும். வருவதே அபூர்வம். அவருக்கு அந்தத் தடவை இன்னொரு அவசரமும் இருந்தது. பிப்ரவரியில் இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேட்டில் ஏறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் டாக்டர் அனுப்பியிருந்தார். அதனால் மற்றவர்கள் நடக்கப் போகும்போது அவர் என்னோடு சமையற்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார். நன்றாகப் பேசுவார். நறுக்குவதுதான் ஒழுங்காக வராது.

உடும்பஞ்சோலையில் நாங்கள் தங்குவது ஒரு ஏலத்தோட்டத்து பங்களாவில். சமையற்கட்டு தனிக் கட்டடம். அதன் பின்னால் ஒரு சிறு வாய்க்கால். பாத்திரம் கழுவிய தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் அதில் ஓடி ஏலச்செடிகளுக்குள் போய்த் தேங்கும். மண் எப்போதும் சதசதவென்று இருக்கும்.

அங்கே தங்கிய இரண்டாம் நாள் விடியற்காலை. மூடுபனி இன்னும் முழுதாக விலகவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்தேன். வாய்க்கால் ஓரம், பத்துப் பதினைந்து அடியில், கோழியைவிடச் சிறிதாக, புறாவைவிடப் பருமனாக ஒரு பறவை. சருகு நிறம். நீள அலகு. அந்த அலகைச் சேற்றுக்குள் முழுக்கச் செருகிச் செருகி எடுத்தது. நான் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

வெந்நீருக்காக ஃபிளாஸ்க்கோடு ரகுராமன் சார் உள்ளே வந்தார். கையை நீட்டி நிற்கச் சொன்னேன். அவர் நிற்பதற்குள் தரையில் கிடந்த மூடி ஒன்று காலில் பட்டு உருண்டது. பறவை சிறகடித்துச் செடிகளுக்குள் போய்விட்டது. அவர் பார்த்தது பழுப்பாக ஒரு முதுகு, அரை நொடி.

“என்ன அது? பழனிச்சாமி, என்ன அது?”

“நீள மூக்குங்க சார். சேத்துல குத்திக் குத்தி என்னமோ தின்னுதுங்க.”

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். “இதுதானே? நல்லாப் பாருங்க. இதுதானே?”

படத்தில் இருந்ததும் சருகு நிறம், நீள அலகு, பருத்த உடம்பு. அவர் முகத்தையும் பார்த்தேன். “ஆமாங்க சார். இதேதானுங்க” என்றேன்.

அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒவ்வொருவராக, ஆறு நண்பர்களுக்குப் போன் செய்தார். உடும்பஞ்சோலையில் வுட் ஸ்னைப், சமையல்காரர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், நானும் பறக்கும்போது பார்த்தேன் என்று சொன்னார். இரண்டு பேர் அன்றே கிளம்பி வருவதாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் வட்டம் கூடியது. ரகுராமன் சாரின் முறை வந்தபோது அவர் என்னைக் கைகாட்டினார். நான் பார்த்ததைச் சொன்னேன். நிறம், அலகு, உருவம், சேறு. மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

“தலையில கோடு கண்டேளா?”

“இருந்துச்சுங்க.”

“நெடுக்கவா, குறுக்கவா?”

எனக்குப் புரியவில்லை. மேடம் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். நெற்றியிலிருந்து பிடரிவரை வகிடு மாதிரி ஓடினால் நெடுக்கு. அது வுட் ஸ்னைப். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பட்டை பட்டையாக இருந்தால் குறுக்கு. அது அதன் உறவுக்காரப் பறவை, வுட்காக். அதுவும் இந்தப் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை, ஆனால் ரகுராமன் சார் வடக்கே ஏற்கெனவே பார்த்தது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண்ணை மூடினேன். நெடுக்காக ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம், “இருங்கோ. சார் ஏதாவது படம் காட்டினாரா?” என்றார்.

“காட்டினாருங்க.”

“பாத்தப்புறம் காட்டினாரா, அதுக்கு முந்தியா?”

“பாத்த உடனேயுங்க.”

“இப்ப உங்க மனசுல தெரியற கோடு, பறவையில கண்டதா, படத்துல கண்டதா?”

எவ்வளவு யோசித்தாலும் அந்தப் போன் படம்தான் வந்து நின்றது. பறவை அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. “தெரியலீங்க மேடம்” என்றேன். ரகுராமன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். “சரி. படத்துல இல்லாதது ஏதாவது உங்க நெனப்புல இருக்கா? படம் அசையாது, கேட்டேளா. பறவை அசைஞ்சிருக்கும்.”

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தக்க விஷயம் என்றே தோன்றவில்லை. “அது நடக்கறப்ப ஆடுச்சுங்க மேடம். தையல் மிஷின் மிதிக்கறவங்க மாதிரி. உடம்பு மட்டும் முன்னால பின்னால போகும், தலை இருந்த எடத்துலயே இருக்கும். அப்பறம்தான் ஒரு அடி எடுத்து வெக்கும்.”

எழுந்து நின்று நடந்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும், “இன்னொரு தரம் நடங்கோ” என்றார். நடந்தேன். அட்டையில் எழுதினார்: ‘உள்ளான் இனம். ஆடி ஆடி நடந்தது. வுட்காக்காக இருக்கலாம்.’ பக்கத்தில் கேள்விக்குறி.

ரகுராமன் சார் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த தட்டு தொடாமல் இருந்தது.

பாத்திரம் கழுவும்போது செல்லத்துரை வந்து நின்றார். “என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? நெடுக்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிரும்? நெஞ்சக் கிழிக்கப் போற மனுசன்ணே அவரு.”

“நான் பாக்கலியே தம்பி.”

“காலைல மட்டும் பாத்தேன்னு சொன்னீங்கள்லா?”

காலையில் நான் சொன்னது அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல். அதை நம்பி இரண்டு பேர் வண்டி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியுமுன் செல்லத்துரை மற்றவர்களைப் போடிமெட்டுப் பக்கம் கூட்டிப்போனார். சமையற்கட்டில் நாங்கள் மூன்று பேர். மேடம் அரிசி மூட்டைமேல், ரகுராமன் சார் முக்காலியில், நான் கதவோரம். நேற்றைய அதே நேரத்துக்கு, வழக்கம்போல் அரிசி களைந்த தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. முன்பே போட்டு ஃபிளாஸ்க்கில் வைத்திருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். ரகுராமன் சார் என் முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

வெளிச்சம் வரத் தொடங்கியபோது ஏலச்செடியின் அடியில் சருகு ஒன்று நகர்ந்தது போல் இருந்தது. சருகு இல்லை. அதே ஆட்டம், உடம்பு முன்னும் பின்னும், தலை அசையாமல். மேடத்தின் விரல் என் தோளைத் தொட்டது. வாய்க்காலுக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, அலகைச் சேற்றில் செருகியது. தலை குனிந்ததால் உச்சி முழுவதும் தெரிந்தது. குறுக்காக, பட்டை பட்டையாக, கறுப்பும் வெளிறிய மஞ்சளும். என் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

நான் ரகுராமன் சாரைப் பார்க்கப் பயந்துகொண்டு பறவையையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். அவர் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. பறவை ஒரு புழுவை இழுத்து எடுத்தது. “ஹா” என்று காற்றோடு சொன்னார். அது நின்று கேட்டது, நகர்ந்தது, ஆடியது. அதன் பெரிய கண் தலையில் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று மேடம் கிசுகிசுத்தார். முன்னால் குனிந்து தின்னும்போதே பின்னால் வருவதையும் அது பார்க்குமாம். முழுதாக விடிந்ததும் தானாகவே செடிகளுக்குள் போய்விட்டது.

“வடக்க இதை நான் பாத்தது ரெண்டு செகண்ட்” என்றார் ரகுராமன் சார். “பறந்து போச்சு, லிஸ்ட்ல எழுதிட்டு வந்துட்டேன். இது இப்படி நடக்கும்னே எனக்குத் தெரியாது.”

“சார், நேத்து நான் படத்தப் பாத்து ஆமான்னு சொன்னது தப்புங்க” என்றேன்.

“உங்க கண்ணுல படத்தத் திணிச்சது நான்தானேங்க.” பிறகு போனை எடுத்தார். எங்கள் முன்னாலேயே ஆறு பேருக்கும் பேசினார். ஆறு முறையும் ஒரே வாசகம்: “நான் சொன்னது தப்பு. ஸ்னைப் இல்ல, வுட்காக். நான் சரியாப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.” பாதி வழியில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஏதோ கத்துவது எங்களுக்கே கேட்டது. இவர் “ஆமாம், ஆமாம்” என்று கேட்டுக்கொண்டார். மேடம் முந்தைய நாள் தாளை எடுத்து, கேள்விக்குறியின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் மூன்று வட்டங்கள் போட்டார்.

பிப்ரவரியில், பத்து நாள் ஒரே இடத்தில் தங்கிப் பார்க்க வந்த வேறொரு குழுவோடு அதே பங்களாவுக்குப் போயிருந்தேன். விடியற்காலை, பின்கதவைத் திறந்து நின்றபோது போன் அடித்தது. ரகுராமன் சார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். இன்னும் சிறிது நேரத்தில் உள்ளே கொண்டுபோகப் போகிறார்களாம்.

“வந்துதா?” என்று கேட்டார்.

வாய்க்கால் காலியாக இருந்தது. வந்துதுங்க என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. உள்ளே போகிற மனிதருக்கு ஒரு நல்ல சொல். ஆனால் அவர் கேட்டது நல்ல சொல்லை இல்லை என்று தோன்றியது.

“இன்னும் வரலீங்க சார்.”

“சரி. போனை வெச்சுடாதீங்க. பாத்துக்கிட்டே இருங்க.”

பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு விடுவது காதில் கேட்டது. அங்கே தள்ளுவண்டி உருளும் சத்தம், யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். இங்கே தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஒரு நர்ஸின் குரல் பக்கத்தில் வந்தது.

“கூப்பிடறாங்க” என்றார் ரகுராமன் சார். “வந்தா நேரம் குறிச்சு வைங்க. வந்து கேக்கறேன்.”

ஐந்து நாள் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை, யார் எடுப்பார்களோ, என்ன சொல்வார்களோ என்று பயம். ஆறாம் நாள், உடும்பஞ்சோலைக் கடைத்தெருவில் செல்லத்துரையோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அடித்தது. குரல் பழைய குரலில் பாதிதான் இருந்தது.

“வந்துதா?”

“வந்துதுங்க சார். ஆறு இருபத்தேழுக்கு. நீங்க போனை வெச்சு ஒம்பது நிமிசங்க.”

“ஆடுச்சா?”

“நல்லா ஆடுச்சுங்க.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “படுத்துக்கிட்டு அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். எதுக்குங்க அப்படி ஆடுது?”

“தெரியலீங்க சார்.”

“மேடத்துக்கு?”

“கேட்டனுங்க. அவங்களுக்கும் உறுதியாத் தெரியலையாமா. மண்ணுக்குள்ள புழு அசையறதத் தெரிஞ்சுக்கறதுக்கா இருக்கலாம்கறாங்க. யாரும் முடிவாச் சொல்லலியாமா.”

“அப்படியா!” என்றார். வலியில் முனகினாரா, சிரித்தாரா தெரியவில்லை. சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. யாரோ அவர் கையிலிருந்து போனை வாங்கும் சத்தம் கேட்டது. அதற்குள் அவசரமாக ஒன்று சொன்னார்: “நாளைக்கும் பாருங்க.”